சிறு வண்டியும் தாழ்ந்த சுரமும்

அட்டனிலும் நுவரெலியாவிலும் மரக்கறி ஏற்றியோடும் சிறு லொறியை அறியாதார் இலர். இந்தியாவில் 2005ஆம் ஆண்டு டாட்டா நிறுவனத்தார் வெளியிட்ட 'ஏஸ்' என்னும் வண்டியே ஈழத்தில் 'டிமோ பட்டா' எனப் பெயர் பூண்டது. சாரதிக்கு ஓர் இருக்கை, உடன்செல்வோர்க்கு ஓர் இருக்கை. அவ்வளவே அதன் அறை. கோவாவும் லீக்சும் ஏற்றி இரவிரவாகத் தம்புள்ளைக்கு இறங்கும் இளைஞர் சிலர், இவ்வறையில் 'சப்வூபர்' என்னும் தாழ்சுர ஒலிபெருக்கியைப் பூட்ட விழைகின்றனர். இத்துணைச் சிறிய இடத்தில் அஃது இயலுமோ என வினவுவார்க்கு யாம் கூறும் விடை, இடம் சிறிதாயிருத்தலே வாய்ப்பு என்பதாம்.

கதவிற் பூட்டிய சிறு ஒலிபெருக்கியிலே தவிலின் வலந்தலை நன்கு கேட்கும்; தொப்பியோ காணாமற் போய்விடும். தாழ்ந்த சுரத்தை எழுப்ப மிகுந்த வளியைத் தள்ளவேண்டும் என்பதே காரணம். திறந்த வெளியில் மீடிறன் பாதியாகுந்தோறும், அதே உரப்பைப் பெற நான்மடங்கு வளியை அசைத்தல் வேண்டும்.

மூடிய சிற்றறையிலோ கணக்கு வேறு. பௌதிக ஆய்வுகூடத்திற் பரிவுக் குழாயை நீரில் ஏற்றி இறக்கிய நம்மவர் இதனை எளிதில் உணர்வர். ஒலியின் கதி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர். செக்கனுக்கு 40 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் எட்டரை மீற்றர். ஒன்றரை மீற்றர் அகலமுள்ள அறைக்குள் அவ்வலையிற் காற்பங்கும் அடங்காது. அலையாக ஓட இடமின்மையால், அறையின் வளி முழுவதும் ஒருங்கே நெருங்கியும் தளர்ந்தும் செவியைத் தாக்குகிறது. அந்த அமுக்கம், ஒலிபெருக்கியின் கூம்பு தள்ளும் வளியின் அளவையும் அறையின் கனவளவையுமே பொறுத்தது. சுரம் தாழ்ந்தமையாற் குறைவதில்லை. கதவிடுக்குகளாற் சிறிது கசியும் என்பது உண்மையே. முச்சக்கர வண்டிக்கு இப்பேறு அறவே இல்லை. பக்கங்கள் திறந்திருத்தலின், எவ்வளவு மின்வலு ஊட்டினும் பெரும்பகுதி தெருவோரத்து லயங்களுக்கே போய்ச் சேர்கிறது; உறங்கும் குழந்தைகளைக் கேட்டாற் சொல்லும்! நுவரெலியாவின் உயரத்தில் வளியமுக்கம் கடல்மட்டத்திலும் ஐந்திலொரு பங்கு குறைவாயினும், செவிக்கு அவ்வேறுபாடு அற்பமே.

பெட்டியும் சிறிதாகலாம் என்று காட்டியவர் அமெரிக்கரான எட்கார் வில்ச்சூர். 1954இல் அவர் வெளியிட்ட ஒலிபெருக்கியில், உள்ளே அடைபட்ட வளியே கூம்பை மீட்டிழுக்கும் வில்லாயிற்று. ஆயினும் சிறுமை, ஆழம், திறன் என்னும் மூன்றும் ஒருங்கே கிட்டா. முதலிரண்டையும் வேண்டுவோர் மின்வலுவைக் கூடுதலாகச் செலவிட வேண்டியதே.

டிமோ பட்டாவில் இயந்திரம் இருக்கைக்கு அடியில் உளது. அவ்வெப்பத்தருகே பெட்டியை வைத்தல் தகாது. இருக்கையின் முதுகுக்குப் பின்னுள்ள இடத்தை அளந்து, அதற்கேற்பத் தட்டையான பெட்டி செய்வதே நன்று. எட்டங்குலக் கூம்பிற்குப் பதினைந்து லீற்றர் அளவான, எங்கும் துளையற்ற பெட்டி பெரும்பாலும் போதும். மரத்தூளை ஒட்டிச் செய்த பலகை மலைநாட்டு ஈரத்தில் ஊதிப் பிளக்கும். 18 மில்லிமீற்றர் நீர்தாங்கும் ஒட்டுப்பலகையே ஏற்றது. பெட்டியை ஆணி கொண்டன்று, திருகாணியும் சுரையும் கொண்டு உலோகச் சட்டத்தோடு பிணைக்க. திடீரெனத் தடையை மிதிக்கும்போது பத்துக் கிலோ நிறை பிடரியில் வந்து விழுதல் கூடாதன்றோ!

150 உவாற்று அம்பிளிபயர் முழு வேகத்தில் ஏறக்குறைய 15 அம்பியர் மின்னோட்டம் உண்ணும். ஆகவே வானொலியின் மெல்லிய கம்பியிலிருந்து கிளை எடுத்தல் ஆகாது. பற்றரியிலிருந்து தனித் தடித்த கம்பி இழுத்து, பற்றரியை ஒட்டியே உருகியைப் பொருத்துக. தகட்டுத் துளையினூடு கம்பி செல்லுமிடத்தில் இறப்பர் வளையம் இன்றேல், பாதையின் குலுக்கலில் உறை தேய்ந்து தீப்பற்றும். உருகியைத் தொலைவில் வைத்தால் இடைப்பட்ட கம்பிக்குக் காவல் ஏது?

பூட்டி முடிந்தபின், 80க்கு மேற்பட்ட மீடிறன்களைத் தாழ்சுரப் பெட்டிக்குச் செல்லவிடாது தடுத்து, நாதசுரக் கச்சேரி ஒன்றை ஒலிக்கச் செய்க. தவிலின் இருமுகமும் ஒரே கருவியிலிருந்து வருவதுபோற் கேட்குமளவே சரியான அளவு. வண்டி நிற்கையில் இவ்வளவை அமைத்து, நண்பர் ஒருவரைச் சற்றுத் தொலைவிலிருந்து ஹோன் அடிக்கச் சொல்லுக. அவ்வோசை தெளிவாகக் கேளாதாயின் இன்னுங் குறைக்க. றம்பொடை வளைவுகளில் எதிர்வரும் பஸ் கண்ணுக்குப் புலப்படுமுன் காதுக்கே புலப்படும்.