சிலிண்டருக்கும் வயது உண்டு

மதுரையிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முன்னால் வருகிறது கிருஷ்ணன்கோவில். கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருப்பதால் மாணவர்கள் நிறைந்த ஊர். அறை எடுத்துச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் படிப்பு முடிந்து கிளம்பும்போது, கட்டில், மேசை, அடுப்போடு சிலிண்டரையும் அடுத்து வருகிறவருக்கு ஒரு விலை பேசிக் கொடுத்துவிட்டுப் போக நினைப்பது இயல்புதான். வாங்குகிறவருக்கும் அது லாபமாகவே தெரியும். கட்டிலைப் பழையதாக வாங்கலாம். அடுப்பைக்கூட வாங்கிச் சரிபார்த்துக்கொள்ளலாம். சிலிண்டரை மட்டும் வாங்கவே கூடாது. இதற்கான காரணம் பாதி சட்டத்தில் இருக்கிறது, பாதி இயற்பியலில் இருக்கிறது.

உள்ளே இருப்பது திரவம்

நாம் 'கேஸ்' என்று சொன்னாலும், நிரம்பிய சிலிண்டருக்குள் பெரும்பகுதி திரவம்தான். புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயுவை அழுத்தித் திரவமாக்கி அடைத்திருக்கிறார்கள். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பியூட்டேன் ஆவியாவது பூஜ்யம் டிகிரியை ஒட்டி. கனடாவிலும் வட அமெரிக்காவின் பிற குளிர்ப்பகுதிகளிலும் பனிக்காலத்தில் பியூட்டேன் ஆவியாகாமல் அப்படியே கிடக்கும். அதனால் அங்கே வீட்டுக்கு வெளியே புரோப்பேன் தொட்டி வைக்கிறார்கள். அதைப் புதிதாகவோ பழையதாகவோ விலைக்கு வாங்கும் வழக்கமும் உண்டு. அங்கும் சிறு சிலிண்டர்களில் தயாரித்த தேதி பொறித்திருக்கும். கெடு தாண்டியதை மறுசோதனை இல்லாமல் நிரப்பித் தரக் கூடாது என்பது விதி.

நம் ஊரின் சிக்கல் குளிர் இல்லை, வெயில். 40 டிகிரி வெப்பத்தில் தூய புரோப்பேனின் அழுத்தம், நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல 13 மடங்குக்கு மேல் போய்விடும். அதே வெப்பத்தில் பியூட்டேனின் அழுத்தம் 4 மடங்கைத் தொடாது. பியூட்டேனைக் கணிசமாகக் கலப்பதால்தான் நம் சமையலறைச் சிலிண்டரின் அழுத்தம் கட்டுக்குள் நிற்கிறது.

வீட்டுச் சிலிண்டரில் தண்ணீர் பிடித்தால் சுமார் 33 லிட்டர் கொள்ளும். ஆனால் 14.2 கிலோ எல்.பி.ஜி. திரவமாக அடைப்பது ஏறக்குறைய 26 லிட்டர் இடத்தைத்தான். மீதி ஐந்தில் ஒரு பங்கை வேண்டுமென்றே காலியாக விடுகிறார்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்தத் திரவம் 2 முதல் 3 சதவீதம் விரியும். விளிம்புவரை நிரப்பியிருந்தால் விரிவதற்கு இடமிருக்காது. திரவத்தை அமுக்கிச் சுருக்கவும் முடியாது. கடைசியில் எஃகுதான் விட்டுக்கொடுக்க வேண்டிவரும். அதனால்தான் நிரப்பும் ஆலையில் ஒவ்வொரு சிலிண்டரையும் எடை போட்டு நிரப்புகிறார்கள். வீட்டுச் சிலிண்டரிலிருந்து குழாய் போட்டுக் குட்டிச் சிலிண்டருக்கு மாற்றித் தருகிற இடங்களில் எடைக்கும் கணக்கில்லை, காலி இடத்துக்கும் கணக்கில்லை. அப்படி மாற்றுவது சட்டப்படி குற்றம்.

எஃகு படும் பாடு

லாரியிலிருந்து இறக்கும்போது சிலிண்டர் அடிபடுகிறது. தரையில் உருள்கிறது. ஈரத்தரையில் நின்று அடிவளையம் துருப்பிடிக்கிறது. பெயின்ட்டுக்கு அடியில் உலோகம் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. எனவே புதுச் சிலிண்டரை 10 ஆண்டுகளிலும், அதன் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறையும் சோதிக்க வேண்டும் என்பது விதி. உள்ளே தண்ணீரை நிரப்பி, சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ அழுத்தம் கொடுத்துப் பார்க்கிறார்கள். தண்ணீர் அழுத்தத்தில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. அதனால் சிலிண்டர் பலவீனமாக இருந்தால் தண்ணீர் கசியும், வெடித்துச் சிதறாது.

அடுத்த சோதனை எப்போது என்பதைக் கைப்பிடியைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்பக்கம் எழுதியிருப்பார்கள். ஆங்கில எழுத்துகளில் 'ஏ' என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, 'பி' ஏப்ரல் முதல் ஜூன் வரை, 'சி' ஜூலை முதல் செப்டம்பர் வரை, 'டி' அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பக்கத்தில் இருப்பது ஆண்டு. 'பி-27' என்றால் 2027 ஜூனுக்குள் சோதிக்க வேண்டும். கெடு தாண்டிய சிலிண்டர் வந்தால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பலாம்.

ஒவ்வொரு முறை காலியாகும்போதும் சிலிண்டர் ஆலைக்குத் திரும்புகிறது. வால்வு, வாஷர், கசிவு எல்லாம் அங்கே சரிபார்க்கப்படுகின்றன. இந்தச் சுற்றுதான் நம் பாதுகாப்பு. கைமாறி, கணக்கில் இல்லாமல் போன சிலிண்டர் இந்தச் சுற்றிலிருந்து விழுந்துவிடுகிறது. அதோடு சேர்ந்து வரும் பழைய ரெகுலேட்டருக்கும் டியூபுக்கும் இதே கதிதான். சிலிண்டருக்குள் பல கிலோவாக இருக்கும் அழுத்தத்தைச் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் அளவுக்குக் குறைத்து அடுப்புக்கு அனுப்புவது அந்தச் சின்ன ரெகுலேட்டர்தான். ரப்பர் டியூபையும் 5 ஆண்டுக்குள் மாற்றிவிட வேண்டும்.

யாருடைய சிலிண்டர்?

இணைப்பு எடுக்கும்போது நாம் கட்டுவது சிலிண்டரின் விலை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது டெபாசிட். 14.2 கிலோ சிலிண்டருக்கு 2022 ஜூன் முதல் அது 2,200 ரூபாய். சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து, நம் பொறுப்பில் இருக்கிறது, அவ்வளவுதான். ஊரை விட்டுப் போகும்போது சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்தால், கட்டிய டெபாசிட் திரும்பக் கிடைக்கும். புது ஊரில் இணைப்பு எடுப்பதற்கான ரசீதும் தருவார்கள். கிளம்பும் மாணவர் நஷ்டப்பட வேண்டிய அவசியமே இல்லை.

புதிதாக வருகிறவருக்கும் நேர்வழி இருக்கிறது. 2013 முதல் 5 கிலோ சிலிண்டர்களைப் பெட்ரோல் பங்குகளிலும் ஏஜென்சிகளிலும் விற்கிறார்கள். முகவரிச் சான்று வேண்டாம், அடையாள அட்டை போதும். மானியம் இல்லாததால் கிலோ விலை கூடுதலாக இருக்கலாம். ஆனால் எடையும் சோதனையும் உள்ள சிலிண்டர் அது.

எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து தங்கிவிடும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். இயற்கையில் வாசனையில்லாத இதை நாம் கண்டுகொள்வதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றப்பொருளைச் சேர்க்கிறார்கள். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906 எண்ணை அழைக்க வேண்டும். ஒரே சுவருக்குள் நாலைந்து அறைகள் இருக்கும் வீட்டில், ஒரு அறையின் கசிவு எல்லோருக்குமான ஆபத்து. அதனால் வாடகைக்கு விடுகிற வீட்டுக்காரர்கள் முன்பணம் வாங்கும்போதே சிலிண்டரின் ரசீதையும், பட்டையில் உள்ள தேதியையும் காட்டச் சொல்ல வேண்டும். கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும்.