ஒரே களி, இரு வயிறு

பவானியில் ஜமக்காளத் தறியை நிறுத்திவிட்டு, கணவனும் மனைவியும் நண்பகலில் ஒரே கேழ்வரகுக் களியை உண்கின்றனர் என்று கொள்வோம். மாலையில் அவனுக்குப் பசிக்கிறது. அவளுக்கோ வயிறு இன்னும் கனத்திருக்கிறது. இது பாசாங்கன்று. திட உணவு இரைப்பையை விட்டு நீங்குவது பெண்களிடம் பொதுவாகத் தாமதமாகிறது. பெருங்குடலைக் கடப்பதும் அவ்வாறே: அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார் அளந்தபோது ஆடவர்க்குச் சராசரி 33 மணி நேரமும், பெண்டிர்க்கு 47 மணி நேரமும் ஆயின. குடல் தசைகளைத் தளர்த்தும் புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்புநீர் இதற்கு ஒரு காரணம் என்பர். கருவுற்ற காலத்தில் அது மிகுவதால் மலச்சிக்கலும் நேர்கிறது. ஆயினும் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு.

முன்னுண்டது செரித்தபின் உண்பார்க்கு மருந்து வேண்டா என்பது வள்ளுவர் கருத்து. நம் இல்லங்களிலோ, மெதுவாய்ச் செரிக்கும் வயிற்றுக்கே இரவில் கடைசிச் சோறு! எல்லாரும் ஒருங்கே, நேரத்தோடு உண்ணுதல் நன்று.