காண்டலும் கண்டறிதலும்

கண் பொருளைக் காண்கின்றது என்பது உலக வழக்கு. கண் தானே காண்பதன்று, அதனை வாயிலாகக் கொண்டு உயிரே காண்கின்றது என்பது சித்தாந்த நூல்களின் துணிபு. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து ஐந்தாஞ் சூத்திரத்திலே, மெய் முதலிய பொறிகள் உயிரின் உதவியின்றிப் புலன்களை அறியமாட்டா என்பதனை முதற்கண் நிறுவி, அதனையே உவமையாக்கி, உயிரும் இறைவன் அருளின்றி அறியமாட்டாது என்று மேற்கூறினார். நம்மவர் பெரும்பாலும் இவ்வுவமைப் பகுதியை விரைந்து கடந்து பின்னையதிலேயே காலங் கழிக்கின்றனர். உவமானம் எளிது என்பது அவர் கருத்துப் போலும். அஃது அத்துணை எளிதன்று. கண்ணிற் பட்ட ஒளி காட்சியாய் முடிவதற்கு இடையே நிகழ்வன பல. இந்நூற்றாண்டின் தொடக்கந்தொட்டு நம் நாட்டிலேயே நடந்துவரும் சில ஆராய்ச்சிகள் அவற்றைப் புதிய முறையில் விளக்குகின்றன. சித்தாந்தம் பயில்வோர் அவற்றை அறிந்திருத்தல் நலமெனக் கருதி ஈண்டு எழுதலுற்றாம்.

முதலில் யாமே கண்டதொன்று. மதுரையின் மேல்பால், தேனிச் சாலையும் புறவழிச் சாலையும் கூடுமிடம் காளவாசல். காளவாசல் என்பது செங்கற்சூளைக்கு இப்பக்கத்தில் வழங்கும் பெயர். இன்று அங்கே சூளைப்புகை இல்லை, வண்டிப்புகையே உண்டு. அவ்விடத்தில் எம் அண்டைவீட்டு மூதாட்டியார் ஒருவர் கண்புரை நீக்கிக்கொண்டு வீடு திரும்பியதும், சுவரை நோக்கி, “நீலம் கலந்து வெள்ளையடித்தீர்களா?” என்று மகனை வினவினார். “இல்லையம்மா, பழைய வெள்ளைதான்” என்றார் மகன். அம்மையார் நம்பவில்லை. உண்மையில் இருவரும் பொய் கூறிற்றிலர். முதுமையிற் பழுத்த கண்வில்லை மஞ்சள் கலந்த கபில நிறமுடையதாய், நீலவொளியைப் பெரிதும் தடுத்துவிடும். அதனை நீக்கித் தெளிந்த செயற்கை வில்லையைப் பொருத்தியவழி, தடைப்பட்டிருந்த நீலம் முழுதும் உட்புகும். சில திங்கள் சென்றபின் அவர் அப்பேச்சை விட்டுவிட்டார். சுவர் மீண்டும் வெள்ளையாயிற்று. இத்தகையோரை ஆராய்ந்தவர்களும் நிறவுணர்வு இங்ஙனம் பல திங்களிற் சிறிது சிறிதாகவே சீர்ப்படுகின்றது என்று அளந்து கூறியுள்ளனர். ஈண்டு நோக்கத்தக்கது யாதெனின், மஞ்சள் வில்லையின் வழியாக நோக்கிய காலத்தும் அவர் அச்சுவரை வெள்ளையென்றே கண்டனர் என்பது. கண் மஞ்சளைக் கொடுக்க, உள்ளே ஒன்று அதனைத் திருத்தி வெண்மையாகத் துணிந்துகொண்டிருந்தது. கண் தெளிந்தது ஒரே நாளில். உள்ளிருந்து திருத்துவது தன் பழைய திருத்தத்தை விடுதற்கோ திங்கள் பல வேண்டியிருந்தன.

அவ்வம்மையார்க்குக் காட்சி பழையது. இடையே விழுந்த திரைதான் நீங்கிற்று. பிறவிதொட்டு ஒன்றையும் காணாதவர் திடீரெனக் கண் பெறின் என்ன காண்பர்? இவ்வினாவை மேனாட்டார் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வினவிவந்தனர். டப்ளின் நகரத்து வில்லியம் மோலினூ என்பார் 1688-இல் இதனை எழுப்பினார். அவர் மனைவியார் கண்ணிழந்தவர். உருண்டையையும் கனசதுரத்தையும் தடவி வேறுபாடு அறிந்த பிறவிக்குருடர், கண்பெற்ற அளவிலே, தொடாமல் நோக்கியே இஃது உருண்டை, இது சதுரம் என்று கூறவல்லரோ என்பது வினா. ஜான் லாக் என்னும் தத்துவ ஆசிரியர் 1694-இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில் இதனைச் சேர்த்து, ‘கூறவல்லர் அல்லர்’ என்று விடையிறுத்தார். 1728-இல் செசல்டன் என்னும் இலண்டன் மருத்துவர், கண்பெற்ற ஒரு சிறுவன் முதலில் எப்பொருளின் வடிவையும் பிரித்தறியாது திகைத்ததனை எழுதிவைத்தார். ஆயினும் ஒருவர் வரலாறுகொண்டு முடிபு கட்டுதல் கூடாமையின், வினா வினாவாகவே நின்றது.

விடை டில்லியிலே கிடைத்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கிய ‘பிரகாஷ்’ என்னும் பணி, பிறவியிலே புரையுற்ற ஏழைச் சிறுவர்க்குக் கண்கொடுத்து, அவர் காட்சி வளருமாற்றையும் உடன் ஆராய்வது. டில்லி டாக்டர் ஷிராப் அறக்கண் மருத்துவமனையில் இச்சிகிச்சை நிகழ்ந்தது. செல்வ நாடுகளில் இத்தகைய குழந்தைகட்குப் பிறந்த சில திங்களிலேயே புரையை நீக்கிவிடுவராதலின், பத்து வயதுவரை குருடாயிருந்து கண்பெறுவோர் அங்கே அரியர். நம் நாட்டில் அரியரல்லர். இவ்வாராய்ச்சிக்கு நாம் இடமானது பெருமைப்படத்தக்க காரணத்தாலன்று. 2011-இல் வெளிவந்த முடிபு வருமாறு. 8 முதல் 17 வயது வரையுள்ள ஐவர்க்குக் கட்டவிழ்த்து இரண்டு நாட்களுக்குள் சோதனை செய்தனர். ஒரு பொருளைத் தடவிப்பார்த்து, பின் இரண்டனுள் அதனைத் தடவியே தேர்ந்தபோது நூற்றுக்கு 98 சரியாயிற்று. பார்த்துப் பார்வையாலேயே தேர்ந்தபோது 92. தடவியதைப் பார்வையால் தேர்ந்தபோது 58. இரண்டனுள் ஒன்றைக் கண்மூடித் தொட்டாலும் 50 வருமாதலின் இஃது ஏறக்குறையக் குருட்டுத் தேர்வேயாம். எனவே லாக் கூறியது பொருந்திற்று. ஆனால் அதனோடு நின்றுவிடவில்லை. மீண்டும் சோதிக்கப்பட்டவர்கள் ஒரு பயிற்சியும் தரப்படாமலே சில நாட்களில் பெரிதும் தேறிவிட்டனர். கண்ணும் மெய்யும் தனித்தனி கொணர்ந்ததனை ஒருபொருட் குரியதெனக் கூட்டுவது பிறப்பிலே அமைந்ததன்று. அமைதற்கோ நெடுங்காலமும் வேண்டிற்றிலது.

இதனினும் வியத்தகுவது, புதிதாய்க் கண்பெற்றோர் படங்களை நோக்கியவாறு. மூவரை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட கட்டுரையொன்று இதனை விரிக்கின்றது. வட்டத்தின்மேல் ஒரு சதுரம் சிறிது படியுமாறு வரைந்து காட்டி, எத்தனை உருக்கள் என்று வினவின், நாம் இரண்டென்போம். அவர் மூன்றென்றனர், படிந்த இடத்தையும் தனிப்பொருளாக எண்ணினர். நிறமும் ஒளியும் மாறுமிடந்தோறும் அவர்க்குப் பொருள் வேறாயிற்று. வைகையாற்றங்கரையில் வேப்பமரத்து நிழலில் நிற்கும் செவலைப் பசுவை நினைந்துகொள்க. அதன்மேல் வெயில் விழுந்த இடம் ஒரு நிறம், இலைநிழல் விழுந்த இடம் மற்றொரு நிறம், கழுத்துக் கயிறு ஒரு கோடு, தரையிற் கிடக்கும் நிழல் ஒரு கருமை. நாம் நொடியில் ‘பசு’ என்கின்றோம். அவர்க்கோ அஃது ஏழெட்டுத் துண்டுகளின் பரப்பு. ஆயின், அப்பசு அசைந்து நடக்கத் தொடங்குமானால் ஒருங்கே பெயரும் துண்டுகளெல்லாம் ஒன்றாகித் தோன்றும். அசையாதன பின்னே தங்கும். அசையும் உருவங்களில் அவர்கள் நன்கு பிரித்தறிந்தனர் என்பதே அவ்வாராய்ச்சியின் உயிர்நிலை. பல திங்கள் கழிந்தபின் அசையாப் பொருளையும் பிரித்தறிந்தனர்; முன்னர் அறிந்துகொண்ட படங்களும் பெரும்பாலும் உலகில் அசையும் இயல்புடைய பொருள்களின் படங்களாயிருந்தன. குழந்தையைத் தொட்டிலிலிட்டு மேலே கிலுகிலுப்பை தொங்கவிட்டு ஆட்டும் நம் தாய்மார் ஒருநூலும் படித்து அது செய்திலர்.

சிவஞானசித்தியார் அளவையியல் பயின்றார்க்கு இவ்விடத்தில் ஒன்று தோன்றாமற் போகாது. ஆண்டுக் காட்சி, நிருவிகற்பம் சவிகற்பம் என இரண்டாக வைத்துப் பேசப்படும். பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் வேறுபாடு தோன்றாது, ஒன்று உளது என்னும் மாத்திரையாய் நிற்பது முன்னையது. அவை தோன்ற அறிவது பின்னையது. நமக்கு முன்னையது நிகழ்ந்ததும் தெரியாத விரைவிற் பின்னையதாய் முடிந்துவிடுதலின், இப்பாகுபாட்டைத் தருக்க நூலார் நூலிழை பிரித்தல் என்றே மாணவர் பலர் எண்ணுகின்றனர். யாமும் இளமையில் அங்ஙனமே எண்ணினேம். முதலிற் பெற்றது நின்றுவிட, பின்னது வாராமையாற் பல திங்கள் இடர்ப்பட்ட மக்கள் உளர் என்று அறிந்தபின் அவ்வெண்ணம் நீங்கிற்று. ஆயினும் இரண்டும் முற்ற ஒன்றென்று கூறோம். அவர்க்கு நிறம் தோன்றிற்று, நிறம் குணமாகலின் அது தூய நிருவிகற்பமாகாது. இடைநிலையொன்று நீண்டு நின்றதென்று கொள்ளுதலே பொருந்தும்.

இனி, எல்லாம் பயிற்சியால் வருவதே என்று துணிதற்கும் இடமில்லை. மேல்நோக்கிச் செல்லச் செல்லக் குவியும் இரண்டு கோடுகளை, தொலைவில் நெருங்கித் தோன்றும் இருப்புப்பாதை போல வரைந்து, இடையே சம நீளமுள்ள இரண்டு குறுக்குக்கோடுகளை மேலொன்றும் கீழொன்றுமாக இடின், மேலது நீண்டதாய்த் தோன்றும். தொலைவைப் பலகாற் கண்டு பழகியதால் வந்த திரிபு இஃது என்று நெடுங்காலம் சொல்லிவந்தனர். 2015-இல் வெளியான ஆராய்ச்சியில், கண்பெற்ற உடனே 8 முதல் 16 வயதுடைய ஒன்பது சிறுவர்க்கு இதனைக் காட்டினர். தொலைவு என்பதனைக் கண்ணால் அறியாத அவர்கள் அனைவரும் நம்மைப்போலவே மயங்கினர். ஆகவே, பொருளைப் பிரித்தறியும் திறன் வருமுன்னரே திரிபுக்காட்சி உடன்நிற்கின்றது. காட்சியிலக்கணம் கூறப்புகுந்த அருணந்தி சிவாசாரியர் ஐயமும் திரிபும் இன்மையை முதலிலேயே வைத்துக் கூறியது, குற்றமுள்ள காட்சி ஏதோ ஒருகால் நேர்வதென்று கருதியன்று போலும்.

மூளையின் செயலையும் நேரே அளந்துள்ளனர். ஜெர்மனி தேசத்து ஹான்ஸ் பெர்கர் என்னும் மருத்துவர் 1924-இல் மண்டையோட்டின் புறத்தே மூளையின் மெல்லிய மின்னசைவைப் பதிந்து, 1929-இல் வெளியிட்டார். கண்மூடி அமைதியாயிருப்பார்க்கு நொடிக்குப் பத்து முறையளவில் எழுந்து விழும் ஓர் அலை தலையின் பின்புறத்தே தோன்றும்; கண் திறந்து காட்சி புகுந்ததும் அது தணியும். ஆல்பா அலை என்பது அதன் பெயர். கண்ணை மூடினால் மூளையின் காட்சிப்பகுதி வாளா கிடக்கும் என்று நாம் நினைப்பதற்கு இது மாறானது. ஹைதராபாத்து எல். வி. பிரசாத் கண் மருத்துவமனையிற் கண்பெற்றோரை ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் உடனிருந்து சோதித்து 2016-இல் வெளியிட்ட முடிபின்படி, பிறவிப்புரை நீங்கியோரிடம் ஆண்டுகள் பல சென்ற பின்னும் அவ்வலை மிகக் குறைந்தே உள்ளது. பிறந்து காட்சி பெற்றபின் புரை தோன்றி நீங்கியவரிடம் அக்குறை இல்லை. ஆகவே சிலவற்றை மூளை பிற்காலத்தும் கற்கும். சிலவற்றிற்குத் தொடக்கத்து ஒளியே வேண்டும்.

அற்றேல், மூளையே காண்கின்றது, உயிரென ஒன்று வேண்டா என்பது பெறப்பட்டதன்றோ எனின், அற்றன்று. இவ்வாராய்ச்சிகள் கருவியின் இயல்பை ஆராய்ந்தன. கருவி பழுதுறின் காட்சி பழுதுறும் என்பது சித்தாந்திக்கும் உடன்பாடே. உடம்பும் கரணங்களும் மாயையின் காரியமாய் உயிர்க்குத் துணைநிற்பன என்பதன்றோ அவன் கொள்கை. இனி, நம்மவருள் ஒருசாரார், மேனாட்டு விஞ்ஞானம் நம் சாத்திரத்தை மெய்ப்பித்துவிட்டது என்று மேடையேறி முழங்குவர். அதுவும் பொருந்தாது. 58 என்னும் எண்ணிலிருந்து உயிருண்மை பெறப்படமாட்டாது. சாத்திரத்துக்குத் துணைதேடி ஓடுவோர், துணை மாறியபொழுது சாத்திரத்தையும் இழப்பர்.

இவையெல்லாம் ஏட்டளவில் நிற்பன அல்ல. டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசெல் என்னும் இருவர் 1960-களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை இளமையில் மூடிவைத்துப் பின் திறந்தனர். கண் தெளிவாயிருந்தும் மூளையின் காட்சிப்பகுதி அக்கண்ணுக்கு விடையளிப்பதை ஏறக்குறைய விட்டிருந்தது. அவர்கட்கு 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது. இதனின்று, ஏழெட்டு வயது கடந்த பிறவிக்குருடர்க்குச் சிகிச்சை செய்து பயனில்லை என்னும் எண்ணம் வலுப்பட்டது. அவ்வெண்ணம் பிழையென்று காட்டியதே டில்லிப் பணியின் பெரும்பயன். 8 வயதுக்கு மேல் கண்பெற்றோருள்ளும் சிலர்க்கு மங்கல் வேறுபாட்டைப் பிரித்தறியும் திறன் சிகிச்சைக்குப்பின் நன்கு வளர்ந்ததென 2014-இல் எழுதினர். அவர் பார்வை நம் பார்வையளவு கூர்மையாகவில்லை. ஆயினும் துணையின்றி நடக்கவும் எதிர்வருவாரை அறியவும் இயலுமாயின் அது சிறிதன்று.

மதுரைக்கு இதிற் பங்குண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் (1918–2006) அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று, 1976-இல் 11 படுக்கைகளோடு இந்நகரில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992 முதல் இங்கேயே செயற்கை வில்லை செய்யப்படுவதால் அதன் விலையும் ஏழைக்கு எட்டுவதாயிற்று. இம்மருத்துவமனைக்கு வந்த புரையுற்ற குழந்தைகளை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட கட்டுரை, பரம்பரையையும், தாய் கருவுற்றிருக்குங்கால் தாக்கும் ரூபெல்லா என்னும் அம்மையையும் அறியப்பட்ட காரணங்களுள் முதன்மையாகக் காட்டிற்று. அவ்வம்மைக்கும் தட்டம்மைக்கும் சேர்த்துத் தடுப்பூசியிடும் இயக்கம் தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில், 9 திங்கள் முதல் 15 வயதுக்குட்பட்டார் யாவர்க்குமாகத் தொடங்கப்பட்டது. பிறந்த குழவியின் கண்மணி கருமையாயிராது வெளிறித் தோன்றினும், இரண்டு திங்களாகியும் அது தாய்முகத்தை நோக்காவிடினும், உடனே கண் மருத்துவரிடம் கொண்டுசெல்லல் வேண்டும். இரு கண்ணிலும் அடர்ந்த பிறவிப்புரையை முதல் இரண்டு திங்களுக்குள் நீக்குவதே சிறந்ததென்பர். ‘புரை பழுக்கட்டும்’ என்று முதியோர்க்குச் சொல்லிவந்த பழைய சொல்லைக் குழவிக்குச் சொல்லிக் காத்திருத்தல் கூடாது. அக்கண்ணுக்குப் பின்னே நின்று ஒளியை எதிர்நோக்குவது அத்துணை நாள் காத்திராது.