மங்கிலிருந்து கப்பல் வரை: ஒரு வேலையின் பாதையைச் சீராக்குவது எப்படி?

மாணவர்களே, நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், பகாவ் பக்கம் உங்கள் தாத்தா பாட்டி பால்மரம் வெட்டியவர்களாக இருந்தால், அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: “பால் ஏற்ற லோரி தாமதமாக வந்தால் என்ன ஆகும்?”

“வாளியிலேயே பால் கட்டிப்போகும்” என்று உடனே பதில் வரும்.

அதற்குக் காரணம் இதுதான். வடிந்த பாலில் நுண்ணுயிர்கள் பெருகி அமிலத்தை உண்டாக்கும். பாலில் மிதக்கும் ரப்பர் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. அதனால் அவை ஒன்றையொன்று தள்ளியபடி தனித்தனியாக இருக்கின்றன. அமிலம் அந்த மின்னூட்டத்தைக் குறைத்ததும் துகள்கள் ஒட்டிக்கொண்டு பால் உறைகிறது. இதைத் தடுக்கத்தான் பாலில் சிறிது அம்மோனியா சேர்ப்பார்கள். கட்டிய பாலுக்கு நல்ல பாலின் விலை கிடைக்காது.

யார் தவறு?

விடியுமுன் பெரட்டுக்குப் போய், மரத்தில் பால் அழுத்தம் கூடுதலாக இருக்கும் குளிர்ந்த வேளையில் வெட்டிய தொழிலாளி தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டார். ஆலையில் இருப்பவரும் இயந்திரத்தைத் தயாராக வைத்திருக்கிறார். ஆனாலும் பால் கெட்டுவிட்டது. தவறு எந்த வேலையிலும் இல்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும் இடைவெளியில் இருக்கிறது.

ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாகப் பார்க்காமல், தொடக்கம் முதல் முடிவு வரை முழுப் பாதையையும் வரைந்து, அளந்து, திருத்துவதைத்தான் ‘செயல்முறை மேலாண்மை’ என்கிறோம். தோட்டம், மருத்துவமனை, வங்கி, பள்ளி என எல்லா நிறுவனங்களுக்கும் இது பொருந்தும்.

அளவு சரியாக இருக்க வேண்டும்

பாதையைத் திருத்த முதலில் நம்பகமான அளவு வேண்டும். பாலை எடை போட்டால் மட்டும் போதாது. அதில் ஏறக்குறைய 30 விழுக்காடுதான் ரப்பர்; மீதியில் பெரும்பகுதி தண்ணீர். 20 கிலோ பாலில் ரப்பர் 30 விழுக்காடு என்றால் உலர்ந்த ரப்பர் 6 கிலோ. 25 விழுக்காடு என்று கணக்கிட்டால் 5 கிலோதான். உலர்ந்த ரப்பரின் எடைக்குச் சம்பளம் என்றால், அந்த ஒரு கிலோ ஒரு குடும்பத்தின் கைக்காசு.

இதை அளக்க மெட்ரோலேக் என்ற மிதவைக் கருவி பயன்பட்டது. ரப்பர் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே பாலில் ரப்பர் கூடுதலாக இருந்தால் கருவி ஆழமாக அமிழும். கருவியைப் படிப்பவர் கவனமாக இல்லாவிட்டால் வெட்டியவருக்கு நட்டம். அளவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதை அந்த அளவால் சம்பளம் பெறுபவரும் பார்த்துப் புரிந்துகொண்டால்தான் அதன்மேல் நம்பிக்கை வரும்.

1965-இல் வந்த மாற்றம்

நம் நாட்டின் ரப்பர் தொழில் முழுவதும் இப்படியொரு திருத்தத்தைச் சந்தித்தது. அதுவரை பெரும்பாலும் புகையிட்ட ரப்பர் தாள்களே ஏற்றுமதியாயின. தாளை வெளிச்சத்தில் பிடித்து, நிறம், குமிழி, பூஞ்சை ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தே தரம் பிரித்தார்கள். டயர் ஆலைக்கோ, அதில் எவ்வளவு தூசு, எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதே முக்கியம். 1960-களில் போட்டிக்கு வந்த செயற்கை ரப்பர் எப்போதும் ஒரே தரத்தில் கிடைத்தது. நம் ரப்பர் சந்தையை இழக்கும் அபாயம் உண்டானது.

1965-இல் எஸ்.எம்.ஆர். எனப்படும் ‘மலேசியத் தர ரப்பர்’ திட்டம் அறிமுகமானது. கண்ணுக்குப் பதிலாக ஆய்வுக்கூடம் தரத்தை முடிவு செய்தது. தூசு, சாம்பல், நைட்ரஜன் முதலியவற்றின் அளவுக்கு வரம்பு வைத்தார்கள். எஸ்.எம்.ஆர். 5 என்றால் தூசு 0.05 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது.

ரப்பர் ஆய்வுக் கழகம் உருவாக்கிய ஒரு முறையில், உறைந்த பாலில் சிறிதளவு விளக்கெண்ணெய் சேர்த்து உருளைகளுக்கிடையே விட்டார்கள். அது பொடிப்பொடியாக உதிர்ந்தது. புகைக்கூண்டில் நாள்கணக்கில் காய்ந்த ரப்பர், பொடியானதும் வெப்பக் காற்றில் சில மணி நேரத்தில் உலர்ந்தது. பிறகு அதைக் கட்டியாக அழுத்தி, பிளாஸ்டிக் தாளில் சுற்றினார்கள்.

மாற்றம் ஏன் நிலைத்தது?

முதலாவது, வாங்குபவருக்கு என்ன தேவை என்பதிலிருந்து திட்டம் தொடங்கியது. இரண்டாவது, எல்லாருக்கும் ஒரே அளவுகோல் இருந்தது. மூன்றாவது, பழைய முறையை ஒரே நாளில் நிறுத்தவில்லை. புகையிட்ட தாளும் பல்லாண்டுகள் கூடவே விற்பனையானது. அதனால் ஆலைகளுக்குக் கற்றுக்கொள்ள அவகாசம் கிடைத்தது.

இன்னும் ஒரு பாடம் உண்டு. ஆய்வுக்கூடத்தால் தூசைக் கண்டுபிடிக்க முடியும், நீக்க முடியாது. மரப்பட்டைத் துணுக்கும் மண்ணும் சேர்வது மங்கிலும் வாளியிலும்தான். எனவே தரம் தொடங்கும் இடம் வெட்டுபவரின் கை. ‘மங்கைச் சுத்தமாக வை’ என்று கட்டளையிட்டால் மட்டும் போதாது. ஏன் என்று விளக்க வேண்டும். அதற்கான நேரமும் கூலியும் தர வேண்டும். “இந்த இடத்தில் இது நடக்காது” என்று அவர் சொன்னால் காது கொடுக்கவும் வேண்டும். பல நிறுவனங்களில் புதிய கணினி, புதிய படிவம் எல்லாம் வந்தும் வேலை சீராகாததற்குக் காரணம், இந்தக் கடைசிப் பகுதியை மறப்பதுதான்.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் பள்ளி நூலகத்தில் திருப்பிக் கொடுத்த புத்தகம் மீண்டும் அலமாரிக்கு வரும் பாதையை ஒரு தாளில் வரையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அது எவ்வளவு நேரம் சும்மா கிடக்கிறது என்று குறியுங்கள். பிறகு அந்த வேலையைச் செய்பவரிடமே போய், “எந்த இடத்தில் சிரமம்?” என்று கேளுங்கள். தாளில் தெரியாத ஒன்றை அவர் நிச்சயம் சொல்வார். அதையும் படத்தில் சேருங்கள். திருத்தத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.