காவலனே காலனாகும் விந்தை

காசநோய்க் கிருமி உடலுட் புகுந்ததும், நம் வெள்ளணுக்கள் அதனை விழுங்கி, ஹைட்ரஜன் பெராக்சைடு என்னும் நஞ்சால் கொல்ல முயல்கின்றன. அந்நஞ்சை நீராகவும் பிராணவாயுவாகவும் சிதைத்துக் கிருமியைக் காப்பது கேட்ஜி என்னும் புரதமாகும்.

740 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிகள் இரண்டு இணைந்ததே இப்புரதம். ஒவ்வொரு சங்கிலியிலும் குறுகிய வழியொன்றன் அடியில், இரும்பைத் தாங்கிய 'ஹீம்' அமைந்துள்ளது. நம் குருதிக்குச் செந்நிறம் தருவதும் இத்தகைய ஹீமே.

1952-இல் வழக்கிற்கு வந்த ஐசோனியசிடு என்னும் மருந்து தானே கொல்ல வல்லதன்று. கேட்ஜியே அதனைச் செயலாற்றும் வடிவிற்கு மாற்றுகிறது. அவ்வாறு மாறிய மருந்து, கிருமியின் மெழுகுச் சுவர் உருவாவதைத் தடுக்கிறது; கிருமி மடிகிறது. காவலனே காலனாகிறான்!

ஆயின், சங்கிலியின் 315-ஆம் இடத்திலுள்ள செரின் என்னும் அமினோ அமிலம் திரியோனினாக மாறிவிடின், ஹீமுக்குச் செல்லும் வழி மேலும் குறுகிவிடுகிறது. மருந்து செயல் பெறுவதில்லை. நஞ்சைச் சிதைக்கும் ஆற்றலோ பெரும்பாலும் எஞ்சி நிற்கிறது. இத்தகைய கிருமிகள், மருந்தை ஒழுங்காக உண்ணாதார் உடலில் பிழைத்துப் பெருகும். ஒன்றுக்குத் தப்பியதை மற்றொன்று கொல்லவேண்டும் என்பதாலேயே மருத்துவர் பல மருந்துகளைச் சேர்த்து, பல திங்கள் இடைவிடாது உண்ணச் சொல்கின்றனர்.