சோதனைக்கு அனுப்பும் மண்ணை இடிப்பதும் சலிப்பதும்

சாகுபடி செய்யும் அங்கத்தினர்கள் பலரிடமும் இன்று மண்வள அட்டை இருக்கிறது. 2015ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ராஜஸ்தானத்துச் சூரத்கரில் தொடங்கி வைக்கப்பெற்ற திட்டத்தின்படி வழங்கப்படும் இவ்வட்டையில், மண்ணின் கார அமில நிலை முதல் துத்தநாகம், போரான் வரை 12 விவரங்கள் காணப்படும். அவற்றைக் கொண்டே உரம் இன்னது, அளவு இவ்வளவு என்று முடிவு செய்கிறோம். அவ்வுரத்துக்காகச் சங்கத்தில் கடனும் பெறுகிறோம். ஆனால் ஆய்வுக்கூடத்துக்குப் போகுமுன் அந்த மண்ணை யார் இடித்தார், எதில் இடித்தார், எச்சல்லடையில் சலித்தார் என்று கேட்பவர் மிகச் சிலரே. அதைக் கேட்க நேர்ந்த ஒரு சந்தர்ப்பத்தை முதலில் கூறுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சங்கத்தின் உரக் கிடங்கில் இருப்புக் கணக்கைச் சரிபார்த்தேன். துத்தநாக ஸல்பேட் மூட்டைகள் வந்தது வந்தபடியே அடுக்கியிருந்தன. ஆனால் கிடங்குக்கு எதிரிலிருந்த வயலிலேயே, நட்டு மூன்று வாரமான நெல், திட்டுத் திட்டாகக் குட்டையாகி, இலைகளில் துருப்பிடித்தாற்போன்ற புள்ளிகளுடன் நின்றது. இது துத்தநாகக் குறைவின் அடையாளம். வடநாட்டில் கைரா என்று வழங்கிய நெற்பயிர் நோய்க்குத் துத்தநாகக் குறைவே காரணம் என்று பந்த்நகர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நேனே என்ற அறிஞர் 1966ஆம் ஆண்டு கண்டறிந்தார். அது முதல் நமது நாட்டு நெல் விவசாயத்தில் இது தெரிந்த விஷயமே. எனினும் அவ்வூர் அட்டைகளில் பெரும்பாலானவை துத்தநாகம் போதுமானது என்றே கூறின. வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர், “அட்டையில் ஒன்று இருக்கிறது, வயலில் வேறொன்று இருக்கிறது, எதை நம்புவது, தம்பி?” என்று கேட்டார். எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை.

சோதனை என்பது எத்தகைய காரியம் என்பதை நாம் முதலில் உணர வேண்டும். ஓர் ஏக்கர் நிலத்தில் உழவு ஆழத்துக்குள்ள மண்ணின் எடை ஏறத்தாழ 9 லட்சம் கிலோ. அதில் பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல் குழி வெட்டி, 15 சென்டிமீட்டர் ஆழம் வரை பக்கவாட்டில் சீவி எடுத்த மண்ணைக் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பகுதிகளைத் தள்ளி, மீண்டும் கலந்து பகுத்து, முடிவில் அரைக் கிலோவை அனுப்புகிறோம். ஆய்வுக்கூடத்தார் அந்த அரைக் கிலோ முழுவதையும் சோதிப்பதில்லை. கரிமச் சத்தைக் காண அவர்கள் எடுப்பது 1 கிராம் அளவே. அந்த ஒரு கிராம்தான் 9 லட்சம் கிலோவுக்கும் பிரதிநிதி.

பொடி செய்வதன் அவசியம் இங்கேதான் விளங்கும். 2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மணல் மணி ஒன்று ஏறத்தாழ 11 மில்லிகிராம் எடை இருக்கும். ஒரு கிராமில் அத்தகைய மணிகள் 90 மட்டுமே அடங்கும். அவற்றுள் ஒன்று எருத்துகளாகவோ வேர்த்துணுக்காகவோ இருந்துவிட்டால் விடை மேலே தாவும். இல்லாது போனால் கீழே விழும். அதே மண்ணை 0.2 மில்லிமீட்டராகப் பொடி செய்தால் ஒரு கிராமில் 90,000 துகள்கள் அடங்கும். அப்போது ஒரு துகள் கூடினாலும் குறைந்தாலும் விடை அசையாது. பொதுக்குழுவில் 90 பேர் வாக்களிப்பதற்கும் 90,000 பேர் வாக்களிப்பதற்கும் உள்ள வேற்றுமை இது.

சல்லடையைப் பற்றி நெசவாள அங்கத்தினர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆய்வுக்கூடச் சல்லடை என்பது பாவும் ஊடையுமாகக் கம்பியால் நெய்த துணியே. ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண் என்பதே அதன் எண். எண் ஏற ஏறக் கண் சிறுக்கும்: 10ஆம் எண்ணுக்கு 2 மில்லிமீட்டர், 60ஆம் எண்ணுக்குக் கால் மில்லிமீட்டர். கம்பி ஒன்று விலகிய சல்லடை இழை அறுந்த துணிக்குச் சமானம். அதைக் கழித்துவிடுவதே நல்லது.

மண்ணை நிழலில் பரப்பி உலர்த்துக. வெயிலிலோ அடுப்பருகிலோ காய வைத்தால் சாம்பல் சத்து முதலியவற்றின் கிட்டும் அளவு மாறிவிடும். உலர்ந்தபின் மரப் பலகை மேல் வைத்துக் கொட்டாப்புளியால் கட்டிகளை மட்டும் உடைத்து, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்க வேண்டும். சரளையையும் வேரையும் நீக்கலாம், மண்கட்டியை நீக்கலாகாது. கை வலிக்கிறதென்று சல்லடை மேல் நின்ற கட்டிகளை வாசலில் கொட்டிவிடுவோர் உண்டு. கெட்டியான கட்டியில் களி மிகுதி. களியில் சத்து மிகுதி. அதைக் கொட்டிவிட்டால் எஞ்சுவது நமது வயலின் மண் ஆகாது. இதன் பிறகு கரிமச் சத்துக்காக ஒரு சிறு பங்கை ஆய்வுக்கூடத்தார் கல்வத்தில் நுண்ணியதாக அரைப்பார்கள். அந்தப் பங்கு ஒரு துகளும் மீதியின்றிச் சல்லடையைக் கடக்க வேண்டும்.

அப்படியானால் அனைத்தையும் மாவாகவே அரைத்து அனுப்பிவிடலாமே என்று தோன்றும். அதுவும் தவறு. இரும்பு, துத்தநாகம் போன்ற நுண்சத்துக்களைக் காணும் சோதனையில், மண்ணை ஒரு கரைசலுடன் இரண்டு மணி நேரம் குலுக்கி, பயிருக்குக் கிட்டக்கூடியதை மட்டும் பிரிக்கிறார்கள். மணல் மணியையும் உடைத்து மாவாக்கினால், உள்ளே அடைபட்டிருந்தவையும் கரைந்து வெளிவரும். பயிரின் வேருக்கு எட்டாத சத்து அட்டையில் ஏறிவிடும். மணல், வண்டல், களி விகிதமும் கெடும்.

இனி அந்தச் சங்கத்தின் விஷயத்துக்கு வருகிறேன். மாதிரிகளை அங்கத்தினர்கள் முறைப்படியே எடுத்திருந்தனர். கிடங்கில் எதைக் கொண்டு இடித்தீர்கள் என்று கேட்டபோது, பணியாளர் பெரிய பித்தளை உரலொன்றைக் கொண்டுவந்து காட்டினார். சல்லடையோ நாகமுலாம் பூசிய கம்பி வலை. பித்தளை, செம்பும் துத்தநாகமும் சேர்ந்த உலோகம். நாகமுலாம் என்பதே துத்தநாகப் பூச்சு. நெல்லுக்குத் துத்தநாகம் போதும், போதாது என்று பிரிக்கும் எல்லை கிலோ மண்ணுக்கு ஒரு மில்லிகிராமை ஒட்டியது, 0.6 முதல் 1.2 மில்லிகிராம் வரை அதை வைப்பார்கள். ஆகவே அரைக் கிலோ மாதிரியில் அரை மில்லிகிராம் துத்தநாகம் தேய்ந்து கலந்தாலே, குறைவுள்ள வயல் நிறைவுள்ளதாகிவிடும். அரை மில்லிகிராம் தேய்ந்ததை உரலில் கண்ணால் காண இயலாது. அதே வயல்களில் மறுபடி எடுத்து, கொட்டாப்புளியும் பிளாஸ்டிக் சல்லடையும் கொண்டு தயாரித்த மாதிரிகளில் பலவற்றுக்குத் துத்தநாகம் போதாதென்றே விடை வந்தது. ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக ஸல்பேட் இட்டிருக்க வேண்டிய நிலங்கள் அவை. இடாமலே இரண்டு போகம் கழிந்திருந்தது. அவ்வங்கத்தினர்களின் தவணைப் பாக்கியை நான் முன்பு அலட்சியம் என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். அதை அடித்துத் திருத்தினேன்.

இரும்பு உலக்கையில் இடித்தால் இரும்பின் கணக்கு இவ்வாறே பொய்க்கும். ரப்பர்ப் பொருள்களிலும் துத்தநாகம் சேர்ப்பதுண்டு. ஆதலால் மரம், பிளாஸ்டிக், பீங்கான் ஆகியவையே தக்கவை. ஆய்வுக்கூடங்களில் அகேட் என்னும் மிகக் கடினமான கல்லில் செய்த கல்வமும் உண்டு. கல்லூரியில் எங்கள் ஆசிரியர் அதில் இடிக்க விடமாட்டார், தேய்க்க மட்டுமே விடுவார். இடித்தால் விண்டுவிடும், விலையோ அதிகம்.

ஒரு மாதிரி முடிந்ததும் பலகையையும் சல்லடையையும் தூரிகையால் நன்கு துடைத்த பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும். இடிக்கும்போது பறக்கும் தூசியில் நுண்ணிய மணற்கல் தூள் இருப்பதால், நாள் முழுவதும் இவ்வேலை செய்வோர் மூக்கையும் வாயையும் மூடும் கவசம் அணிதல் அவசியம்; அத்தூள் நுரையீரலில் தங்கினால் நீங்காது. பையில் இட்ட மண் வண்டிக் குலுக்கலில் பிரிந்து, நுண்பொடி அடியில் தங்கும். ஆதலால் அதிலிருந்து பங்கு எடுக்குமுன் முழுவதையும் தாளில் கொட்டி மறுபடி கலக்க வேண்டும்.

நிலக்கடலை சாகுபடியாளர்களுக்கு ஒரு வார்த்தை. 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் இறக்கக் காரணமாயிருந்த பூஞ்சை நஞ்சு, கடலைப் பிண்ணாக்கில் இருந்தது. இந்நஞ்சு மூட்டை முழுவதும் பரவியிராது. பூசணம் பிடித்த சில பருப்புகளில் மட்டும் செறிந்திருக்கும். எனவே இங்கே ஒரு கைப்பிடி மாதிரி பயன்படாது. பல கிலோ எடுத்து, அனைத்தையும் அரைத்து, பிறகே பங்கு பிரிக்க வேண்டும். எண்ணெய் மிகுந்த பருப்பு சூடேறினால் களிம்பாகிவிடும். விட்டு விட்டு அரைப்பது நலம்.

மேற்படி சங்கத்தில் இப்போது வேப்பமரப் பலகை ஒன்றும், கொட்டாப்புளிகள் இரண்டும், பிளாஸ்டிக் சல்லடை ஒன்றும் மாதிரி வேலைக்கென்றே தனி அலமாரியில் இருக்கின்றன. பித்தளை உரலைப் பணியாளர் வீட்டார் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.