கம்பைல் செய்யும்போது 'லைப்ரரி இல்லை' என்று வந்தால்...

பட்டுச் சேலைக்கு பார்டர், புட்டா டிசைன்களை கிராப் தாளில் கட்டம் கட்டமாக வரைவது எங்கள் ஆரணியில் பழகிய வேலை. ஒரு கட்டத்தை ஒரு பிக்ஸலாக வைத்து இதையே கம்ப்யூட்டரில் வரைய, இலவச ஜிம்ப் சாப்ட்வேர் நன்றாகவே உதவும். லினக்ஸில் இதன் புதிய பதிப்பு வேண்டும் என்று சோர்ஸ் கோடை இறக்கி கம்பைல் செய்பவர்கள், 'ஜெகில் பேக்கேஜ் இல்லை' என்ற செய்தியோடு நின்றுவிடுகிறார்கள். இதைச் சரிசெய்யும் வழியைப் பார்ப்போம்.

பாவும் ஊடையும் ஜரிகையும் தயாராகாமல் தறியில் உட்கார முடியாது. ஜிம்ப்பும் அப்படித்தான். நிறங்களைக் கையாள பாபில், படத்தைப் பதப்படுத்த ஜெகில் ஆகிய லைப்ரரிகள் அதற்குத் தேவை. ஜெகிலுக்கே பாபில் வேண்டும். எனவே பாபில், ஜெகில், ஜிம்ப் என்பதே கம்பைல் செய்யும் வரிசை. எந்தப் பதிப்பு தேவை என்பதை சோர்ஸுடன் வரும் 'இன்ஸ்டால்' பைலில் முதலில் படித்துவிடுங்கள்.

லைப்ரரி இருந்தும் இல்லை என்கிறதா?

பலரைக் குழப்புவது இதுதான். புரோகிராம் ஓடுவதற்கு லைப்ரரி மட்டும் போதும். கம்பைல் செய்ய அதன் ஹெடர் பைல்களும் வேண்டும். சேலை கையில் இருந்தாலும், அதே டிசைனை நெய்ய கிராப் வேண்டும் அல்லவா? டெபியனிலும், அதன் வழி வந்த உபுண்டு, பாஸ் லினக்ஸிலும் ஹெடர் பைல்கள் தனி பேக்கேஜாக இருக்கும். அதன் பெயர் 'டெவ்' என்று முடியும். அதை இன்ஸ்டால் செய்தாலே பெரும்பாலான பிழைகள் மறைந்துவிடும்.

செய்ய வேண்டியவை

1. பிழைகள் வரிசையாக வந்தால் முதல் பிழையைப் படியுங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் விளைவுகளே.

2. சோர்ஸ் ரெப்பாசிட்டரியை இயக்கிவிட்டு, 'ஆப்ட்-கெட் பில்ட்-டெப்' கட்டளையுடன் ஜிம்ப்பின் பெயரை ஆங்கிலத்தில் டைப் செய்யவும். ரெப்பாசிட்டரியில் உள்ள பதிப்புக்கான டெவ் பேக்கேஜ்கள் மொத்தமாக வந்துவிடும்.

3. இல்லாத பைலின் பெயர் மட்டும் தெரிந்தால், 'ஆப்ட்-பைல்' புரோகிராமில் தேடுங்கள். அது எந்த பேக்கேஜில் உள்ளது என்று காட்டும்.

பதிப்பு பழையது என்றால்?

இங்குதான் எச்சரிக்கை தேவை. ஜிலிப், ஜிடிகே போன்றவை டெஸ்க்டாப் முழுவதற்கும் பொதுவானவை. அவற்றை நீக்கிவிட்டுப் புதியதைத் திணித்தால் டெஸ்க்டாப்பே திறக்காமல் போகலாம். டிசைன்கள் எல்லாம் உள்ள ஒரே கம்ப்யூட்டரில் இந்தச் சோதனை வேண்டாம்.

அதற்குப் பதிலாக, 'பிரிபிக்ஸ்' ஆப்ஷன் மூலம் புதிய பாபில், ஜெகில், ஜிம்ப் மூன்றையும் தனி போல்டரில் இன்ஸ்டால் செய்யுங்கள். அந்த லைப்ரரிகள் இருக்கும் இடத்தை 'பிகேஜி_கான்பிக்_பாத்' வேரியபிளில் குறிப்பிட்டால் கம்பைல் செய்யும்போது அவை கண்டறியப்படும். ஜிம்ப்பை ஓட்டும்போது 'எல்டி_லைப்ரரி_பாத்' வேரியபிளிலும் அந்த இடத்தைக் கொடுக்க வேண்டும். பிடிக்கவில்லையா? போல்டரை அழித்தால் போதும், சிஸ்டம் பழையபடியே இருக்கும்.

நான் இன்னொன்றும் செய்வேன்: ஓடிய கட்டளைகளை வரிசையாக ஒரு டெக்ஸ்ட் பைலில் சேமித்துவிடுவேன். அடுத்த பதிப்பு வரும்போது பாதி வேலை மிச்சம்.